வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு

எஸ்1: எல்லாருக்கும் வணக்கம். நாத்தனார் குடும்பம் பெங்களூர்ல இருந்து சென்னைக்கு மார்கழி சீசனுக்காக வர்றாங்க. பெரியவங்க 2 பேர், பசங்க 2 பேர் (9, 13 வயசு). டிசம்பர் கடைசி வாரம், வெள்ளி காலைல வந்து திங்கள் ராத்திரி கிளம்பறாங்க. கச்சேரி, டான்ஸ், எழும்பூர் மியூசியம் மூணும் வேணுமாம். வெள்ளி மியூசியம், சனி ஞாயிறு கச்சேரி, திங்கள் ஷாப்பிங்னு போட்டிருக்கேன். சரியா வருமா?

ஜி1 சார்: வராதும்மா. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிதான். ஈசிஆர்ல தட்சிணசித்ரா செவ்வாய் லீவு. டெல்லி மாதிரி ஊர்ல திங்கள் லீவு விடறதால எல்லாரும் அதையே மனசுல வெச்சிக்கிட்டு வெள்ளிக்கிழமை எழும்பூர் வந்து பூட்டின கேட்டைப் பாத்துட்டுப் போறாங்க. மியூசியத்தைத் திங்களுக்குத் தள்ளுங்க.

எஸ்1: ஐயோ, நல்லவேளை கேட்டேன் சார்.

டி2 தம்பி: ஆன்ட்டி, சனிக்கிழமை மியூசிக் அகாடமி சாயங்கால ஸ்லாட்டுக்கு ஆன்லைன்ல டிக்கெட் பாக்கட்டுமா? பெரிய பேரா இருந்தா சீக்கிரம் போயிடும்.

எஃப்2 மாமி: அவசரப்படாதேப்பா. முதல் தடவை வர்றவங்களைச் சாயங்காலக் கச்சேரிக்கே நேரா கூட்டிட்டுப் போறது எனக்குச் சரியாப் படலை. சீட்டு விலை அதிகம், கூட்டம், ரெண்டரை மணி நேரம் நகர முடியாது. 9 வயசுப் பிள்ளை பாதில எழுந்தா ஒரு வரிசையே எழுந்து வழி விடணும். மத்தியானக் கச்சேரி பல சபால, அதாவது கச்சேரி நடத்தற சங்கங்கள்ல, இலவசம், அகாடமியிலயும்தான். இளவட்டங்க பாடுவாங்க. அவங்களுக்கு அந்த மேடை பரீட்சை மாதிரி, உயிரைக் கொடுத்துப் பாடுவாங்க. பிடிக்கலைன்னா ஒரு பாட்டு முடிஞ்சதும் சத்தமில்லாம வெளிய வந்துடலாம், காசும் போகலை.

டி2 தம்பி: ஆனா அவங்க பெரிய பாடகரைத்தானே கேக்கணும்னு வர்றாங்க மாமி?

எஃப்2 மாமி: அதே பாடகர் இந்த சீசன்ல இன்னும் நாலஞ்சு சபால பாடுவார். அகாடமில கிடைக்கலைன்னா மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால்னு பாரு. முதல்ல பேரைப் பிடிச்சு அதுக்கு எந்தெந்த சபான்னு தேடு. சபாவைப் பிடிச்சுக்கிட்டு பேரைத் தேடாதே. அகாடமிதான் வேணும்னா அன்னன்னிக்குச் சீட்டு காலைல கவுன்டர்ல கொடுப்பாங்க. பெரிய பேர் அன்னிக்கு வரிசை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும்.

எஸ்1: காலைல ஏதாவது இருக்கா மாமி? பசங்க சீக்கிரம் எழுந்துடுவாங்க.

எஃப்2 மாமி: அகாடமில தினமும் காலைல 8 மணிக்கு மேல விரிவுரை, லெக்டெம்னு சொல்வாங்க. இலவசம். ஒரு ராகத்தையோ தாளத்தையோ எடுத்துப் பேசிப் பாடிக் காட்டுவாங்க. பெரியவங்களுக்கு நல்லது, 9 வயசுக்குத் தூக்கம் வரும். 1927 காங்கிரஸ் மாநாட்டோட நடந்த இசை மாநாட்டுல இருந்துதான் அகாடமியே பிறந்தது. அதனால அங்க கச்சேரிக்குச் சமமா இந்தக் காலை நேரத்தையும் மதிக்கறாங்க. தமிழ்ப் பாட்டு மட்டும்தான் கேக்கணும்னா ராஜா அண்ணாமலை மன்றம் போங்க, தமிழ் இசைச் சங்கம் நடத்தற விழா. உயர் நீதிமன்றம் மெட்ரோல இறங்கிக்கலாம்.

டி3 அக்கா: பசங்களுக்குக் கச்சேரில போரடிக்காம இருக்க ஆதி தாளம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. தொடைல ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், இது 4. அப்புறம் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு, இது இன்னொரு 4. மொத்தம் 8. வீட்டுலயே பத்து தடவை போட்டுப் பாத்துட்டாப் போதும். வீச்சுங்கறது கையைத் திருப்பிப் போடறது. காத்துல ஆட்டிக்கிட்டு இருந்தா எண்ணிக்கை போயிடும்.

எஃப்2 மாமி: ஆமா, அதுலயும் தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்தை விட்டுடாதீங்க. பெரிய பாட்டு முடிஞ்சு மிருதங்கம் ஆரம்பிச்ச உடனே பாதி ஹால் காபிக்கு எழுந்து போகும். சீசனோட பெரிய அநியாயம் இதுதான். கடம் இல்லேன்னா கஞ்சிரா கூட இருந்தா, மிருதங்கம் வாசிச்சதை அவங்க திருப்பி வாசிப்பாங்க. அந்த அளவு போகப் போகச் சின்னதாகும், 8, 4, 2, 1னு. குறைப்புன்னு பேரு. கடைசில கோர்வைன்னு ஒண்ணு அப்படியே மூணு தடவை வரும், மூணாவது முடியற இடத்துல பாட்டை எடுத்த இடம் டக்குனு வந்து விழும். 13 வயசுக்காரன் தாளம் போட்டுக்கிட்டே மூணு எண்ணினான்னா அவனே கண்டுபிடிச்சிடுவான்.

டி2 தம்பி: எந்த வரிசை நல்லா இருக்கும் மாமி? முதல் வரிசை?

எஃப்2 மாமி: வேண்டாம். முதல் ரெண்டு மூணு வரிசையோட ஓரத்துல ஸ்பீக்கர் காதுல அறையும். நடுவுல 8ல இருந்து 12 வரைக்கும் போதும். இன்னொண்ணு, மேடையைப் பாத்து உக்காந்தா நம்ம இடது பக்கம் மிருதங்கம், வலது பக்கம் வயலின். மிருதங்கத்தோட வலந்தலை, நடுவுல கறுப்பா சோறு ஒட்டின பக்கம், நம்ம பக்கம் பாக்கணும்னுதான் அந்த ஏற்பாடு. இடது கைக்காரர் வாசிச்சா ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருவாங்க. விரல் பாக்கணும்னு ஆசைப்படற பையனா இருந்தா இதைப் பாத்துட்டு அதுக்கேத்த பக்கம் உக்கார வைங்க.

எஸ்1: சூப்பர் மாமி. கேன்டீன்?

எஃப்2 மாமி: பல சபால கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை, சாப்பிட மட்டும் வர்றவங்களும் உண்டு. இலைச் சாப்பாடுன்னா 11.30க்கே போய் டோக்கன் வாங்கிடுங்க. 12.30ல இருந்து 1.30 வரைக்கும் நாற்காலிக்குப் பின்னாடியே ஆள் நிப்பாங்க, நிம்மதியா ரசம் கூட ஊத்திக்க முடியாது. சாயங்காலம் 4 மணி கச்சேரி முடிஞ்ச கையோட போகாதீங்க, ரெண்டு கச்சேரிக் கூட்டமும் அப்பதான் மோதும். 5 மணிக்கு டிபன் முடிச்சிடணும்.

டி3 அக்கா: டான்ஸ் விஷயம் சொல்றேன். அகாடமியோட நாட்டிய விழா ஜனவரி 3 வாக்கில, அதுக்கு இவங்க இருக்கமாட்டாங்க. டிசம்பர் கடைசின்னா கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, திருவான்மியூர் கலாக்ஷேத்ரா மூணையும் பாருங்க. கலாக்ஷேத்ரால இருக்கறது கூத்தம்பலம், கேரளக் கோயில்ல இருக்கற கூத்து அரங்கம் மாதிரி கட்டினது. அரங்கமே பாக்க வேண்டியது. பறக்கும் ரயில்ல திருவான்மியூர் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோ. மரம் அதிகம், கொசுவும் அதிகம், பசங்களுக்கு முழுக்கால் பேன்ட் போட்டு விடுங்க.

எஸ்1: டான்ஸுக்கு எங்க உக்காரணும் அக்கா?

டி3 அக்கா: முன்வரிசையில உக்காந்தா மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். பாதம் தெரியலைன்னா ஜதி, அதாவது தாளச் சொல்லுக்கு ஆடற அடவு, பாதிதான் புரியும். 6வது 7வது வரிசைக்கு மேல போங்க. பால்கனியில முன்வரிசை கிடைச்சா அதுவும் நல்லது, தரைல போடற கோலம் மாதிரி நகர்வு தெரியும். வர்ணம்தான் நிகழ்ச்சியிலயே பெரிய உருப்படி, ஆரம்பிச்சா அரை மணிக்கு மேல போகும், அதுக்கு முன்னாடி பசங்களைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடுங்க. லேட்டா போனா உருப்படி முடியற வரைக்கும் வாசல்லயே நிறுத்திடுவாங்க, அது நியாயம்தான்.

ஜி1 சார்: டான்ஸ் ஞாயிறு வெச்சிட்டு மியூசியம் திங்கள் போனா ஒரு நல்ல பொருத்தம் கிடைக்கும். வெண்கலக் கூடத்துல திருவாலங்காடு நடராஜர் இருக்கார். திருவாசியும் (சுத்தி இருக்கற நெருப்பு வளையம்) இல்லை, பறக்கற சடையும் இல்லை. அதனால உடம்பு மட்டும் தனியா தெரியும். அக்கா சொன்ன பாதத்தை அங்க பக்கத்துல நின்னு பாக்கலாம். வலது கால் காலடியில கிடக்கற குள்ள உருவம் முயலகன் மேல, முட்டி மடங்கி இருக்கு. மொத்தக் கனமும் அந்த ஒரு காலுக்கு வருது.

டி3 அக்கா: சார், அதான் சரி. முட்டி மடக்காம நேரா நின்னா ஒரு கால்ல ஆடறப்போ நிலையா நிக்கறது கஷ்டம். ஞாயிறு ராத்திரி மேடைல இதைக் கவனிச்சுட்டுப் போனா அங்க உடனே புரியும்.

ஜி1 சார்: அதுக்கு அடுத்து தேட வேண்டியது திருவெண்காடு அர்த்தநாரீசுவரர். பசங்ககிட்ட எத்தனை கைன்னு மட்டும் கேளுங்க. மூணு. சிவன் பாதிக்கு ரெண்டு, அம்மன் பாதிக்கு ஒண்ணு. முதல்ல யாரும் நம்பமாட்டாங்க, ரெண்டு தடவை எண்ணுவாங்க. அப்புறம் எல்லாச் சிலையோட பீடத்துலயும் துளையோ வளையமோ இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. மரத் தண்டு செருகி வீதி உலா தூக்கிட்டுப் போக. இதெல்லாம் கருவறைச் சிலை இல்லை, உற்சவர். உள்ள பொள்ளல் இல்லாத கட்டி வார்ப்பு. மெழுகுல உருவம் பண்ணி, மேல மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு அந்த இடத்துல உலோகத்தை ஊத்தறது. அச்சை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அதனால ஒரே அச்சுல ரெண்டாவது சிலை கிடையாது.

எஸ்1: இவ்வளவு சிலை மியூசியத்துக்கு எப்படி வந்துச்சு சார்?

ஜி1 சார்: நிறைய மண்ணுக்கடியில கிடைச்சது. 1878 புதையல் சட்டப்படி அரசுக்கு வந்து இங்க சேர்ந்தது. மண்ணுல இருக்கற உப்பு உலோகத்துல ஏறிடும். அப்புறம் ஈரக்காத்து பட்டா வெளிர்பச்சையா மாவு மாதிரி கிளம்பும், அதுதான் வெண்கல நோய். வழவழன்னு கரும்பச்சையா இருந்தா பயமில்லை, அது கவசம். பொடியா உதிர்ந்தாத்தான் அரிக்குதுன்னு அர்த்தம். 1930லயே இங்க இதுக்குன்னு ரசாயனப் பரிசோதனைக் கூடம் வெச்சிட்டாங்க.

டி2 தம்பி: சார், பசங்க வெண்கலத்தையே பாத்துக்கிட்டு இருக்கமாட்டாங்களே?

ஜி1 சார்: அதான் வரிசை முக்கியம். 9.30க்குத் திறக்கும், 5 மணிக்கு மூடும். 6 கட்டடம், நாப்பதுக்கு மேல கூடம், ஒரே நாள்ல முடியாது, முயற்சியும் பண்ண வேண்டாம். திறந்த உடனே வெண்கலம், கூட்டம் இல்லாதப்போ. ஒரு மணி நேரம். அப்புறம் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பம். இங்க இருக்கறது மீதிதான், நிறைய லண்டன் போயிடுச்சு. அதுக்கப்புறம் பசங்களுக்கு விலங்கியல்ல திமிங்கல எலும்புக்கூடு. கடைசியா பழங்காலப் பொருள். 1863ல பல்லாவரத்துல கல் கோடாரி கண்டுபிடிச்ச புரூஸ் ஃபூட் சேகரிப்பும் ஆதிச்சநல்லூர்ப் பொருளும் இங்கதான் இருக்கு. பராமரிப்புன்னு சில கூடம் பூட்டியிருக்கும், டிக்கெட் கவுன்டர்லயே இன்னிக்கு எது மூடியிருக்குன்னு கேட்டுடுங்க, நடந்து போய்த் திரும்ப வேண்டாம். கேமராவுக்குத் தனிச் சீட்டு.

டி2 தம்பி: எழும்பூர் மெட்ரோல இறங்கி பாந்தியன் ரோட்டுக்கு ஆட்டோ போதும் ஆன்ட்டி. கார் வேண்டாம். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மெட்ரோ வேலை வேற, வழியை மாத்தி விட்டுக்கிட்டே இருக்காங்க.

எஸ்1: அப்போ வெள்ளி மத்தியானம் அகாடமி இலவசக் கச்சேரி, சனி லெக்டெம் அவங்க ரெண்டு பேருக்கு மட்டும், பசங்க என்கூட. சனி சாயங்காலம் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ். ஞாயிறு டான்ஸ். திங்கள் 9.30 மியூசியம்.

எஃப்2 மாமி: ஞாயிறு விடியக்காலைல கபாலி கோயில் மாட வீதிக்கும் கூட்டிட்டுப் போங்க. பாபநாசம் சிவன் காலத்துல இருந்து வர்ற மார்கழி பஜனை. சீட்டும் கிடையாது, வரிசையும் கிடையாது.

டி3 அக்கா: அப்போ ஞாயிறு மத்தியானம் பசங்களைத் தூங்க வைக்கணும். இல்லேன்னா வர்ணத்துல சாமியாடுவாங்க.

எஸ்1: டி2, சனிக்கிழமை ஃபைன் ஆர்ட்ஸ்ல யாருன்னு பாத்துச் சொல்லுப்பா.

டி2 தம்பி: பாக்கறேன் ஆன்ட்டி. பக்கவாத்தியம் பேரும் சேத்தே அனுப்பறேன், இல்லேன்னா மாமி திட்டுவாங்க.

எஃப்2 மாமி: கடம், கஞ்சிரா மாதிரி உபபக்கவாத்தியம் இருக்கான்னும் பாரு. கஞ்சிரா இல்லாம குறைப்பை அந்தப் பையன் எப்படி எண்ணுவான்?