பாசிக்கொல்லி டப்பா பாதியிலேயே நிற்கிறது

இரண்டு வருடமாக வீட்டு நீச்சல்குளத்துப் பாசியோடு மல்லுக்கட்டினேன். கடைசிப் படி, ஏணிக்குப் பின்பக்கம், விளக்கைச் சுற்றியுள்ள வளையம்: எப்போதும் இந்த மூன்று இடத்தில்தான் ஆரம்பிக்கும். தடவினால் வழுக்கும், இரண்டு நாளில் பச்சை தெரியும். உடனே பாசிக்கொல்லி, கூடவே ஒரு குளோரின் மாத்திரை. சோதித்தால் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) என்று ஒழுங்காகத்தான் காட்டும்.

ஒருநாள் சயனூரிக் அமிலத்தையும் சோதித்தேன். 120 பிபிஎம்! குளோரினை வெயில் தின்றுவிடாமல் காக்க அது வேண்டும்தான், ஆனால் 30 முதல் 50 போதும். நான் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் குளோரினோடு இதையும் கரைத்துவிட்டுப் போயிருக்கிறது. குளோரின் தீர்ந்துவிடும், இது தங்கிவிடும். அளவு ஏற ஏற, இருக்கிற குளோரினையும் கட்டிப்போட்டுவிடும். தண்ணீரை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பாதிக்கு மேல் வெளியேற்றினேன், வயிறெரிந்தது.

அப்புறம் மாத்திரையை விட்டுத் திரவக் குளோரினுக்கு மாறினேன். பொழுது சாய்ந்தபின் கொஞ்சமாக ஊற்றுவேன். பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, 7.2க்கும் 7.6க்கும் நடுவில். வாரம் இருமுறை பிரஷ், அந்த மூன்று இடத்திலும் அழுத்தி. தண்ணீர் உள்ளே வரும் குழாய்முனைகளை ஒரே பக்கமாகத் திருப்பியதில் குளமே மெல்லச் சுற்றுகிறது. முன்பெல்லாம் ஏணிக்குப் பின்னால் ஒரு காய்ந்த இலை நாள்கணக்கில் மிதந்துகொண்டு நிற்கும். இப்போது நிற்பதில்லை.

*

உங்களுக்கு மாத்திரை என்றால், நான் செம்பு கலந்த பாசிக்கொல்லி ஊற்றிய ஆள். பாசி போனது நிஜம். மூன்றாவது வாரம் கண்ணாடியில் பார்த்தால் என் நரைமுடியில் பச்சைச் சாயல்! குளோரின் மேல் பழி போட்டேன்; செய்தது செம்பு. குளத்தின் சுவரிலும் கறை விழுந்துவிட்டது, அது இன்னும் போகவில்லை.

*

எங்கள் வீட்டில் கரண்ட் மிச்சம் என்று பம்ப்பை இரண்டு மணி நேரமாகக் குறைத்தோம். ஒரே வாரத்தில் தண்ணீர் கலங்கிவிட்டது. மிச்சம் பிடித்ததெல்லாம் குளோரினுக்கே போனது. இப்போது எட்டு மணி நேரம் ஓடுகிறது. ஃபில்டரில் அழுத்தம் வழக்கத்தைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) செய்கிறோம், அதற்கு முன்னால் தொடுவதில்லை. முதலில் எழுதியவர் சொன்ன அந்த ஏணிப் பாசி எங்களுக்கும் உண்டு. குளிக்காத நாளில் ஏணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டால் என்ன? யாராவது செய்து பார்த்தீர்களா?