புதுப்பிப்பு: எச்-2ஏ விசா, முக்கால் பங்கு வேலை உத்தரவாதம்

எச்-2ஏ விசாவில் அமெரிக்கப் பண்ணைகளுக்குப் பருவகால வேலைக்குப் போகிறவர்களின் தங்குமிடம், பயணச் செலவு பற்றி முன்பு எழுதிய இழையின் தொடர்ச்சி இது. அங்கே அதிகம் வந்த கேள்வி: "நடுவில் வேலை இல்லை என்றால் சம்பளம்?"

ஒப்பந்தத்தில் சொன்ன மொத்த மணி நேரத்தில் முக்கால் பங்குக்காவது முதலாளி வேலை தர வேண்டும். 20 வாரம், வாரம் 40 மணி என்றால் மொத்தம் 800, உத்தரவாதம் 600. தந்தது 520 என்றால் மீதி 80 மணிக்கும் கூலி உண்டு. கணக்கு வார வாரம் அல்ல, ஒப்பந்தம் முடியும்போதுதான். (விடுமுறை நாட்களைக் கழித்தால் உத்தரவாத மணி சற்றுக் குறையும்.)

சிக்கல் வருவது இங்கேதான்: கொடுத்த வேலையை நீங்கள் மறுத்தால் அந்த நேரமும் "தந்ததாக"வே கணக்கில் ஏறும். சம்பளச் சீட்டில் தந்த மணி, செய்த மணி இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பல சீட்டுகளில் ஒன்றுதான் இருக்கும். அதனால் சொந்த நோட்டில் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், "இன்று வேலை இல்லை" என்று சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

ஒப்பந்தம் முடியும் முன் தானாக வெளியேறினால் இந்த உத்தரவாதம் போய்விடும். முதலாளியின் சம்மதம் இல்லாமல் தொடர்ந்து 5 வேலை நாள் வராவிட்டாலும் அப்படியே. "கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போ" என்று நீட்டும் தாளை, அது விலகல் கடிதமா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.