மறுமொழி: துருவக் குளிர் தொடர்பான சொற்கள் – 'குளிர்ப்பெயர்ச்சி' என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

புவி வெப்பமாதல் அந்தந்த வட்டாரத்தின் குளிர்காலத்தை எப்படி மாற்றுகிறது என்ற கட்டுரைக்காக நாம் சேர்த்துவரும் கலைச்சொல் பட்டியலில் ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. துருவத்தின் கடுங்குளிர்க் காற்று மொத்தமாக இறங்கிவந்து, அமெரிக்காவின் நடுப்பகுதியையோ ஐரோப்பாவையோ சில நாட்கள் உறைய வைக்கிறதே, அதற்கான சொல். 'குளிர் வெடிப்பு', 'குளிர் ஊடுருவல்', 'வாடைப் பாய்ச்சல்' என்று இதுவரை மூன்று வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன். அது எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானாக உட்கார்ந்து யோசித்துப் பிடித்த சொல் அல்ல அது.

காசிமேட்டுக்குப் பக்கத்தில், மாலை நேரத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் கடல் தொழில். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோன செய்தியை ஒரு பையன் கைபேசியில் காட்டினான். டாலஸ் நகரில் மைனஸ் 19 டிகிரி. பல லட்சம் வீடுகளில் மின்சாரம் இல்லை, குழாய்கள் வெடித்துக் கூரையிலிருந்து பனிக்கட்டி தொங்குகிறது. "பூமி சூடாவுதுன்னு சொல்றீங்க, அங்க ஏன் சார் இப்படி உறையுது?" என்றான். நியாயமான கேள்வி. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். உறைவது என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு ஐஸ் பெட்டிதான் தெரியும்.

செய்தித்தாள்களில் வருகிற 'துருவச் சுழல்' என்ற சொல்லை வைத்துத்தான் விளக்க ஆரம்பித்தேன். உடனே ஒரு பெண் கேட்டாள்: "அந்தப் புயலுக்கு என்னா பேரு சார்?"

இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வடசென்னையில் வளரும் பிள்ளைக்குச் 'சுழல்' என்றால் கடலில் உருவாகி, கரைக்கு வந்து, மழையைக் கொட்டி, தெருவில் இடுப்பளவு தண்ணீரை நிறுத்துகிற ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இங்கே என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் 'சுழல் வந்து அமெரிக்காவைத் தாக்கியது' என்றால் வேறு எப்படிப் புரியும்? ஆனால் துருவச் சுழல் எங்கும் வருவதில்லை. அது மேலே, துருவத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பது. ஊரைத் தாக்குவது அதுவல்ல, அது தளரும்போது வெளியே வரும் குளிர்க்காற்று. இந்த இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கரும்பலகையில் வரைந்து காட்டினேன். குளிர்காலத்தில் துருவத்தில் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. அங்கே காற்று விறைத்துக் கிடக்கிறது. தரையிலிருந்து சுமார் 16 முதல் 50 கிலோமீட்டர் உயரம் வரை, வளிமண்டலத்தின் மீள் அடுக்கில் (ஸ்ட்ராட்டோஸ்பியர்), மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று துருவத்தைச் சுற்றி வளையமாக ஓயாமல் ஓடுகிறது. துருவச் சுழல் என்பது அதுதான். அதற்குக் கீழே, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் என்கிற இன்னொரு வேகமான காற்று. மேலே ஓடும் வளையம் வேகமாக ஓடும் வரை குளிர் பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டிருக்கும். சில குளிர்காலங்களில் கீழிருந்து எழும் பெரிய காற்றலைகள் மேலே போய் வளையத்தில் மோதும். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் உண்டாக்கும் அலைகள் அவை. மோதினால் வளையம் தளரும், சில சமயம் இரண்டாகவே பிளக்கும். அப்போது மீள் அடுக்கில் சில நாட்களிலேயே 50 டிகிரி வரை வெப்பம் கூடிவிடும். 1952-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை அறிஞர் இதை முதலில் கண்டறிந்தார். அதன் விளைவு வாரக்கணக்கில் மெல்லக் கீழே இறங்கும். ஜெட் காற்றோட்டம் நேராக ஓடாமல் வளைந்து நெளியும். அந்த நெளிவு தெற்கே இறங்குகிற இடத்தில் துருவக் குளிர் ஊருக்குள் வந்துவிடும்.

பிள்ளைகள் முகத்தில் பாதிதான் தெளிவு. அப்புறம் ஐஸ் பெட்டியைச் சொன்னேன். ஏலக்கூடத்தில் தெர்மாகோல் பெட்டி மூடி சரியாக மூடாமல் இருந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் நிற்பவர் காலில் ஜில்லென்று காற்று படும். உள்ளே ஐஸ் உருகும், மீன் கெடும். காலில் ஜில்லென்று இருக்கிறதே என்பதற்காகப் பெட்டிக்குள் குளிர் கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? வளையம் தளர்கிற நாட்களில் ஆர்க்டிக்கின் பல பகுதிகள் இயல்பைவிட வெப்பமாக இருப்பதும் இதே கணக்குதான்.

புயலுக்குப் பெயர் கேட்டாளே, அவள் அம்மா மீன் விற்பவர். அவள்தான் முதலில் பிடித்தாள்: "அப்போ குளிர் ஜாஸ்தி ஆவல சார். எடம் மாறிக்கிச்சு." பின்வரிசையிலிருந்து ஒருவன், "குருப்பெயர்ச்சி மாதிரியா சார்?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் முன்மொழிவு: குளிர்ப்பெயர்ச்சி.

இனி மற்ற மூன்றைப் பற்றி. 'குளிர் வெடிப்பு' என்பது 'கோல்ட் அவுட்பிரேக்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துவைத்தது. நமக்கு வெடிப்பு என்றால் குண்டு, இல்லையென்றால் வறண்ட நிலம். இதை விட்டுவிடலாம். டொரன்டோ நண்பர் தந்த 'குளிர் ஊடுருவல்' பொருந்தாத சொல் அல்ல, அந்தக் குளிரில் வாழ்கிறவர் சொல்வதற்கு ஒரு எடையும் உண்டு. ஆனால் அது வந்து சேர்ந்த ஊரின் பார்வையை மட்டும் சொல்கிறது. குளிரை இழந்த இடம் அதில் இல்லை. பெயர்ச்சி என்றால் ஒன்று ஓரிடத்தை விட்டுவிட்டு இன்னோர் இடத்துக்குப் போகிறது. விட்ட இடமும் சேர்ந்த இடமும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. கட்டுரை முழுக்க நாம் சொல்ல நினைப்பதே அதுதான்.

'வாடைப் பாய்ச்சல்' என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனசே இல்லை. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கு ஒரு காற்றுப் பெயர் வைத்த மொழி நம்முடையது. வாடை இன்றும் கடலோரத்தில் உயிரோடு இருக்கிற சொல். ஐப்பசி, கார்த்திகையில் 'வாடை பிடிச்சிடுச்சு' என்று சொல்லி வலையையும் படகையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். ஆனால் வாடை வடக்கிலிருந்து வரும் காற்று. அர்ஜென்டினாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் துருவக் குளிர் தெற்கிலிருந்து வருகிறது. அங்கே இந்தச் சொல் நேர்மாறாகிவிடும். நம் வாடை ஆர்க்டிக்கிலிருந்து வருவதும் இல்லை. நடுவே இமயம் நிற்கிறது. டெக்சாஸைப் படித்துவிட்டு, 'நம்ம ஊர் மார்கழிக் குளிரும் அங்கிருந்துதான் வருகிறது' என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது. வாடையை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

என் சொல்லுக்கு வரக்கூடிய மறுப்புகளையும் நானே எழுதிவிடுகிறேன். முதலாவது, சோதிட வாசனை. கோயில் வாசலில் தட்டி வைத்திருக்கும் சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பீர்கள். ஆனால் பாடநூலில் 'இடப்பெயர்ச்சி' என்ற சொல்லை வைத்துத்தான் பிள்ளைகள் இயக்கவியலே படிக்கிறார்கள். பெயர்தல் பொதுவான தமிழ் வினை. சுவரில் காரை பெயர்கிறது, குடும்பம் ஊர் பெயர்கிறது. சோதிடம் அதைக் கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பது எனக்கு இதில் கூடுதல் பலமாகவே படுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. குளிர் என்பது ஒரு பொருள் அல்ல, வெப்பம் இல்லாத நிலை. வெப்பம்தான் கடத்தப்படும், குளிர் எப்படிப் பெயரும்? இயற்பியல் ஆசிரியர் யாரும் இதைக் கேட்பார், கேட்க வேண்டும். இங்கே பெயர்வது காற்றுத்திரள். உறைந்து கிடந்த காற்றே உடலோடு நகர்ந்து வருகிறது. ஆக முழு வடிவம் 'குளிர்காற்றுத்திரள் பெயர்ச்சி'. அதன் சுருக்கம் குளிர்ப்பெயர்ச்சி. வரையறையில் காற்றுத்திரள் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும், தலைப்புச் சொல் சுருக்கமாக இருக்கட்டும். 'குளிரலை' என்ற சொல்லோடு இது மோதாது. குளிரலை ஓர் ஊரின் வெப்பமானி காட்டுகிற நிலை. குளிர்ப்பெயர்ச்சி அதற்குப் பின்னாலிருக்கும் காற்றின் நகர்வு. குளிரலைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. இது எதனால் நடந்தது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 1979-லிருந்து ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அதனால் துருவத்துக்கும் தெற்கே உள்ள நிலங்களுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைகிறது, ஜெட் காற்றோட்டம் வேகம் குறைந்து அதிகம் நெளிகிறது என்று 2012-ல் ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் எழுதினார்கள். கணினி மாதிரிகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. குளிர்காலங்கள் மொத்தத்தில் வெப்பமாகி வருகின்றன, கடுங்குளிர் நாட்கள் குறைந்து வருகின்றன என்பதில் மட்டும் விவாதம் இல்லை. நம் கட்டுரை இரண்டையும் கலந்துவிடக் கூடாது. மூடி திறந்தால் குளிர் வெளியே வரும் என்பது உறுதி. புவி வெப்பமாதல் அந்த மூடியை அடிக்கடி திறக்கிறதா என்பதுதான் கேள்வி. 'வெப்பமாதல் குளிர்' என்ற மாதிரிச் சொல் ஏதாவது வைத்தோமானால் கேள்விக்கு விடையைப் பெயரிலேயே எழுதிவிடுவோம்.

மற்ற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: துருவச் சுழலுக்குப் பதில் 'துருவக் காற்றுவளையம்' என்று வைக்கலாம். ஜெட் காற்றோட்டம் பாடநூலில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

'பனி' பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் வரைவில், காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், ஆகவே குளிர் போதுமான அளவு மிஞ்சியிருக்கும் இடங்களில் 'பனி அதிகமாகப் பெய்யலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. கருத்து சரி. ஆனால் 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்கிற ஊரில் பனி பெய்வது என்றால் விடியற்காலையில் தலையை நனைக்கிற ஈரம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு அந்த வரி வேறு அர்த்தம் தரும். அங்கெல்லாம் 'வெண்பனி' என்றே மாற்றிவிடலாம். புல்லில் உறைவதற்கு 'உறைபனி' ஏற்கெனவே நீலகிரிச் செய்திகளில் வருகிறது.

பட்டியலில் சேர்க்க என் வரைவு:

குளிர்ப்பெயர்ச்சி – துருவப் பகுதியின் குளிர்காற்றுத்திரள் தன் இடத்தை விட்டு, வெப்பம் மிகுந்த நிலப்பகுதிகளுக்கு நகர்ந்து சில நாட்கள் தங்குதல். வினை: குளிர் பெயர்ந்தது. பயன்பாடு: 'பிப்ரவரி 2021 குளிர்ப்பெயர்ச்சியில் டெக்சாஸ் உறைந்தது.'

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாகத் தென் அரைக்கோளத்தில் இருக்கும் நண்பர்கள், உங்கள் ஊர்க் குளிருக்கு இந்தச் சொல் ஒத்துவருகிறதா என்று ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து