ஈஆர்பி மென்பொருளுக்கு மாற ஏப்ரல் 1 சரியான நாளா, மீன்பிடித் தடைக்காலம் சரியா?

மண்டபம்_கிடங்கு:
அனைவருக்கும் வணக்கம். மீனவர்களுக்கு டீசல், வலை, கயிறு, ஐஸ் ஆகியவற்றை வழங்கும் அரசு நிறுவனம் ஒன்றின் மண்டபம் பகுதிக் கிடங்கில் இருப்புக் கணக்கைப் பார்த்து வருகிறேன். கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் அனைத்தையும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்குள் கொண்டுவரத் தலைமையகம் முடிவு செய்துள்ளது. எல்லாக் கிளைகளும் ஏப்ரல் 1 அன்றே மாறுவது என்பது இப்போதைய திட்டம். கிளைகளின் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் ஒரே நைலான் கயிறு மூன்று பெயர்களில் இருக்கிறது. வாங்கும்போது கிலோவிலும் வழங்கும்போது சுருளிலும் எழுதுகிறோம். தொடக்க இருப்பை எப்படி ஏற்றுவது, எந்த நாளைப் பரிந்துரைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரைக் கணக்கர் (ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்):
தம்பி, ஏப்ரல் 1 கணக்குப் பிரிவுக்கு வசதியான நாள். உங்கள் கிடங்குக்கு அதைவிட நெருக்கடியான நாள் கிடையாது. மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேலை கழுத்து வரை இருக்கும்; தடைக்காலம் தொடங்குமுன் கடலுக்குப் போய்வர விசைப்படகுகளும் அதே நாள்களில் டீசலுக்கு வந்து நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நாட்டுப்படகுகளுக்கான வழங்கல் மட்டும் நடக்கும் அந்த நாள்களில் தொட்டி அளவையும் வலைக்கட்டுகளையும் நிதானமாக எண்ணிவிடலாம். மே மாதம் எண்ணி முடித்து ஜூன் 1 அன்று மாறினால், விசைப்படகுகள் திரும்பிவருவதற்குள் கவுன்டரில் இருப்பவர்களுக்குக் கை பழகியிருக்கும்.

தொண்டியூரான் (மென்பொருள் நிறுவும் பணியில் இருப்பவர்):
ஐயா சொன்ன தேதியை ஆதரிக்கிறேன். ஆண்டின் நடுவில் மாறினால் கணக்கு குழம்பும் என்று தலைமையகம் மறுக்கக்கூடும். மே 31 அன்றைய இருப்பாய்வை (எல்லாக் கணக்குத் தலைப்புகளின் நிலுவைப் பட்டியலை) ஏற்றி, அதில் ஏப்ரல், மே மாத வரவு செலவுகளைத் தலைப்பு வாரியாக மொத்தத் தொகையாகக் காட்டினால் போதும். ஒவ்வொரு ரசீதையும் மறுபடி தட்டச்சு செய்யத் தேவையில்லை.

ஆனால் தேதியைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கயிற்றில்தான் இருக்கிறது. மூன்று பெயர்களையும் அப்படியே ஏற்றினால், ஒன்றில் இருப்பு மிகுதியாகவும் இன்னொன்றில் பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும். கையில் சரக்கு இருக்கும்போதே புதிய கொள்முதலுக்கு மென்பொருள் பரிந்துரைக்கும். ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு, ஒரே அடிப்படை அளவு, ஒரு சுருள் எத்தனை கிலோ என்ற மாற்று விகிதம் ஆகிய மூன்றையும் கிடங்கில் வேலை செய்பவர்களே முடிவு செய்ய வேண்டும். எங்களைப் போன்ற வெளியாள்களுக்கு எந்தக் கயிறு எதற்கு என்பது தெரியாது. வரியையும் பொருள் வாரியாகக் குறியுங்கள்: டீசல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வராது, கயிறு வரும், இரண்டும் ஒரே கவுன்டரில் விற்கப்படுகின்றன.

பழைய வழக்கம் ஒவ்வொன்றுக்கும் மென்பொருளை வளைக்கச் சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் சாப் (SAP) என்ற ஈஆர்பி மென்பொருளிலிருந்து ஆரக்கிள் (Oracle) நிறுவன மென்பொருளுக்கு மாறியபோது தன் வழக்கங்களுக்கேற்பப் பல திருத்தங்களைச் செய்தது. வங்கி வரவுகளைக் கணக்கோடு ஒப்பிடும் பகுதி ஒழுங்காக இயங்கவில்லை, சுமார் 1.9 கோடி பவுண்டு எனத் திட்டமிட்ட செலவு 10 கோடி பவுண்டு அளவுக்கு உயரும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

கீழக்கரைக் கணக்கர்:
இதில் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். வெறும் பழக்கமாக வந்ததைக் கைவிடலாம். அரசாணையால் வந்ததைக் கிளையோ மென்பொருள் நிறுவனமோ கைவிட முடியாது. வரிவிலக்கு டீசலுக்குப் படகு வாரியாக வைத்திருக்கும் உச்சவரம்பு அப்படிப்பட்டது. எது எந்த வகை என்று பிரித்து, அரசாணை எண்ணோடு தலைமையகத்துக்கு இப்போதே எழுதுங்கள்.

திருப்புல்லாணி_தணிக்கை:
எண்ணிப் பார்க்கையில் பதிவேட்டுக்கும் கையிருப்புக்கும் வேறுபாடு வந்தால், தொடக்க இருப்பில் அதைச் சத்தமின்றிச் சரிசெய்துவிடாதீர்கள். குறைவுக்கான காரணத்தை எழுதி, தகுதியுள்ள அலுவலரின் ஆணையைப் பெற்ற பிறகே புதிய எண்ணை ஏற்ற வேண்டும். இல்லையேல் பின்னாளில் வரும் தணிக்கை ஆட்சேபத்துக்கு அன்று பணியில் இருப்பவர் பதில் சொல்ல நேரும். பழைய பதிவேட்டையும் உடனே மூடாதீர்கள். மாத முடிவில் பதிவேடும் மென்பொருளும் ஒத்துப்போனால் மட்டுமே மூடுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் போதிய சோதனை இல்லாமல் புதிய சம்பள மென்பொருளை இயக்கியபோது ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தவறாக வந்தது. அதனால் சம்பளப் பகுதிக்கும் இதே முறையைக் கேளுங்கள்.

மண்டபம்_கிடங்கு:
மிக்க நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைய இணைப்பு அறுந்தால் டீசல் வழங்குவதை நிறுத்த முடியாதே, அதற்கு என்ன வழி?

திருப்புல்லாணி_தணிக்கை:
முன்கூட்டியே வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தைத் தலைமையகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வைத்துக்கொள்ளுங்கள். படகின் பதிவு எண், லிட்டர், நேரம் மூன்றையும் எழுதி, இணைப்பு வந்த அன்றே அந்த ரசீது எண்ணோடு கணினியில் ஏற்றுங்கள். உச்சவரம்பைச் சரிபார்க்க, ஒவ்வொரு நாள் மாலையும் படகு வாரியான மீதிப் பட்டியலை அச்செடுத்துக் கவுன்டரில் வைத்துவிடுங்கள்.