புத்தாண்டு இரவில் வாசிக்க ஒரு கவிதை தேவை

டிசம்பர் 31 இரவு குடும்பத்தோடு கூடும்போது யாராவது ஒரு கவிதை வாசிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை என் பொறுப்பு. நாள் நெருங்கிவிட்டது, பொருத்தமாக எதுவும் சிக்கவில்லை.

கேட்பவர்களில் எட்டு வயதுப் பிள்ளையும் உண்டு, எண்பது வயதுப் பெரியவரும் உண்டு. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு மரணம். அதனால் வெறும் கொண்டாட்டக் கவிதை ஒட்டாது, அழவைப்பதும் வேண்டாம்.

முதலில் குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தைப் பார்த்தேன். அங்கே நன்றி என்பது உதவி செய்த ஒருவருக்கு. நான் தேடுவது, யாருக்கு என்றே சொல்லத் தெரியாத நன்றி. அப்புறம் பாரதியின் ‘சென்றதினி மீளாது’. ‘இன்று புதிதாய்ப் பிறந்தோம்’ என்ற வரி உடம்பை நிமிர்த்துகிறது, உண்மைதான். ஆனால் முதல் வரியே ‘மூடரே’ என்று அதட்டுகிறது. துக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதை வாசிக்க எனக்குத் தைரியமில்லை! நண்பனை இழந்த ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் எழுதி 1850இல் வெளியான இரங்கற்பாவில், புத்தாண்டு மணியோசை பற்றி எட்டுப் பத்திகள் வருகின்றன. மொழிபெயர்த்தும் பார்த்தேன். அவர் பழைய ஆண்டைப் போ என்று விரட்டுகிறார். எனக்கு அதற்கு நன்றி சொல்லி அனுப்ப வேண்டும்.

இணையத்தில் தேடினால் வாழ்த்து அட்டை வரிகள்தான் வருகின்றன.

இரண்டு நிமிடத்துக்குள் சத்தமாக வாசிக்கக்கூடிய, இழப்பை மறைக்காமலே கடந்த ஆண்டுக்கு நன்றி சொல்லும் தமிழ்க் கவிதை எது?