தேர்தலை ரத்து செய்தால் யாருக்குத் தண்டனை?

குடியாத்தத்துக்காரன்:
2019 ஏப்ரல் 16 மாலை வேலூர் மக்களவைத் தேர்தல் பணப்பட்டுவாடா புகாரால் ரத்தானது. வாக்களிப்பதற்கென்றே பெங்களூரில் விடுப்பு எடுத்திருந்தேன். குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் 18-ஆம் தேதி நடந்ததால் ஊருக்குப் போனேன். சட்டமன்றத்துக்கு அன்று வாக்களித்த அதே மக்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க ஆகஸ்ட் 5 வரை காத்திருந்தோம். அதற்குள் என் விரல் நகத்தில் பழைய மை வளர்ந்து வெட்டுப்பட்டே போய்விட்டது. வேட்பாளர்களில் முக்கியமான இருவரும் அதே ஆட்கள். ஒவ்வொரு முறை பணம் பிடிபடும்போதும் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்கிறார்கள். ஏன் நடக்கவில்லை?

வழக்கறிஞர், மதுரை:
வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58-ஏ பிரிவு 1989-இல் வந்தது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றபோது, பணப்பட்டுவாடாவுக்கும் அப்படி 58-பி என்ற புதுப் பிரிவு வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஆனால் நண்பரே, அது வந்திருந்தாலும் ரத்து செய்யும் அதிகாரம்தான் கூடியிருக்கும். வாக்குக்கு லஞ்சம் கொடுத்தவர் தண்டனை பெற்றால் 6 ஆண்டு போட்டியிட முடியாது என்பது ஏற்கெனவே சட்டம். தீர்ப்பு வரை வழக்கு போவதுதான் அபூர்வம்.

தண்டையார்பேட்டை இல்லத்தரசி:
சென்னையில் எங்கள் ஆர்.கே. நகர்த் தொகுதி இடைத்தேர்தலையும் 2017 ஏப்ரலில் ரத்து செய்து டிசம்பரில் நடத்தினார்கள். ஏப்ரலில் பட்டியலோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். "மொத்தம் ஐந்து ஓட்டு, அம்மா தவறிவிட்டார்களே, நான்குதான்" என்று சொல்லி என் மாமியார் பெயரைப் பென்சிலால் அடித்தார். அரசாங்கப் பட்டியலில் அந்தப் பெயர் அப்போதும் இருந்தது! பணம் வாங்காமல் கதவைச் சாத்தினேன். அவர் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு என்ன குறி போட்டாரோ என்று அன்றிரவெல்லாம் பயமாக இருந்தது. ஜனங்கள் விலைபோய்விட்டார்கள் என்று சொல்லும்போது இந்தப் பயத்தையும் நினையுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
அக்கா, எங்கள் தெருவிலும் அதே பென்சில்தான். வழக்கறிஞர் ஐயா, பணத்தோடு பிடிபட்ட தரப்பின் வேட்பாளரை மறுதேர்தலில் நிற்கவிடாமல் செய்ய முடியாதா?

வழக்கறிஞர், மதுரை:
புகார் மட்டும் போதும் என்றால், எதிராளி வீட்டில் பணப்பையைப் போட்டுவிட்டு அவரை வெளியேற்றிவிடுவார்கள்.

குடியாத்தத்துக்காரன்:
அதை மறுக்க முடியவில்லை. ஆனால் வேலூரில் மறுதேர்தலுக்கு மூன்றரை மாதம் இருந்தது. அதற்குள் தனி நீதிமன்றம் வைத்து விசாரணையை முடிக்கட்டும். குற்றம் உறுதியானவர் பெயர் இயந்திரத்தில் இருக்கக் கூடாது. இந்த ஒரு திருத்தத்துக்காக எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.