ராட்டினக் காமிக்ஸ்: 100 பிரதி அச்சடிக்க மும்பையில் யாராவது?

வணக்கம். மாதுங்காவிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருஷமாக ஒரு தமிழ் காமிக்ஸ் வரைந்தேன். பல்சக்கரங்களால் ஓடும் ஒரு திருவிழா. அங்கே ராட்டினக் குதிரைகள் ராத்திரியில் தங்கள் சாவியைத் தாங்களே முறுக்கிக்கொள்ளும். டிக்கெட் கிழிப்பவருக்கு முகம் இருக்கிற இடத்தில் கடிகாரம். டிசம்பரில் மாகிம் தர்காவின் உரூஸ் திருவிழாவில் ராட்சத ராட்டினத்தடியில் பார்த்த, கிரீஸ் வழியும் இருசுதான் முதல் பக்கம்.

மொத்தம் 36 பக்கம். தாளை மடித்து நடுவில் ஸ்டேபிள் பின் அடிக்கப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டுமே என்று கடைசி இரண்டைச் சேர்த்தேன். அவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை.

கேட்ட அச்சகங்களில் எல்லாம் ஆயிரத்துக்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எனக்கு 100 போதும், கறுப்பு மட்டும் அடர்த்தியாக விழ வேண்டும். தாராவி, லோயர் பரேல் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், வசனத்தில் சந்திப்பிழை பார்த்துத் தரவும் ஒருவர் வேண்டும்.